சாப்பாட்டு மேசைக்குக் கடன் எதற்கு?

பண்டிகை நெருங்கினால் தளவாடக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். "மேசை ஒன்று, நாற்காலி ஆறு. முன்பணம் வேண்டாம். மாதா மாதம் கட்டினால் போதும்" என்று கடைக்காரர் சொல்வார். கண்ணாடி பதித்த மேசையைப் பார்த்ததும் நம் மனம் இளகிவிடும். பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டார்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரொக்க விலை 2,400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 90 வெள்ளியாக 36 மாதம் கட்டினால் மொத்தம் 3,240 வெள்ளி ஆகிறது. கூடுதலாகப் போனது 840 வெள்ளி! பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவியிருக்க வேண்டிய பணம் அது. மேசைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து போகிறது.

சரி, வாங்கிய மேசையிலாவது உட்கார்ந்து சாப்பிடுகிறோமா? பல வீடுகளில் அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பூச்சாடி, அதன் மேல் தூசி. அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் கைத்தொலைபேசியோடு சாப்பிடுகிறார்கள். அம்மா கடைசியில், அடுப்பங்கரையில் நின்றுகொண்டே இரண்டு வாய் போட்டுக்கொள்கிறார்.

அழகான, அனைவரும் சேர்ந்து உட்காரக்கூடிய ஒரு சாப்பாட்டு இடத்தைக் கடன் இல்லாமல் அமைக்க முடியாதா? முடியும். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, கடற்பாலத்துக்கு அப்பால் இருக்கும் சிங்கப்பூர்.

தனி அறை இல்லாத ஊர்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தொடங்கப்பட்டது. இன்று அங்கு வசிப்போரில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் அக்கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். அங்கே மூவறை வீடு என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும். பெரும்பாலும் 650, 700 சதுர அடிக்குள் அடங்கிவிடும். சாப்பாட்டுக்கென்று தனி அறை கிடையாது. கூடத்தின் ஒரு மூலையோ, சமையலறை வாசலோதான் சாப்பிடும் இடம். நம் தோட்ட வீடுகளிலும் குறைந்த விலை அடுக்குமாடிகளிலும் நிலைமை இதுதானே!

இடம் சிறியது என்று அவர்கள் சோர்ந்துவிடவில்லை. பாட்டி காலத்துப் பிரம்பு நாற்காலி ஒன்று, பழைய காப்பிக்கடை நாற்காலி ஒன்று, சுவரோரம் ஒரு பெஞ்சு, மேசை மேல் ஒரு பாத்திக் துணி, மூலையில் ஒரு செடி, மேலே ஒரு கூடை விளக்கு. எதுவும் எதற்கும் ஜோடி இல்லை. ஆனாலும் பார்க்க இதமாக இருக்கிறது. இந்த வகை அலங்காரத்துக்கு 'போஹிமியன்' பாணி என்று பெயர் சொல்கிறார்கள்.

பெயர் வந்த கதை

போஹிமியா என்பது இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி. ஆனால் இந்தப் பெயர் அங்கிருந்து நேராக வரவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் ரோமா என்னும் நாடோடி மக்கள் மேற்கு ஐரோப்பாவுக்கு வந்தார்கள். 1427-இல் பாரிஸ் நகரின் வாசலுக்கு ஒரு கூட்டம் வந்து சேர்ந்தது. அவர்கள் போஹிமியாவிலிருந்து வந்தவர்கள் என்று பிரெஞ்சுக்காரர்கள் எண்ணி, அப்படியே பெயர் வைத்துவிட்டார்கள்.

உண்மையில் அம்மக்களின் மூதாதையர் புறப்பட்ட இடம் இந்தியாவின் வடபகுதி. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பியவர்கள். அவர்கள் மொழியில் இன்றும் தண்ணீருக்கு 'பானி' என்றுதான் பெயர். நூற்றாண்டுகளாக ஊர் ஊராக விரட்டப்பட்டவர்கள் அவர்கள். கையில் இருந்த துணியையும் பாயையும் பாத்திரத்தையும் கொண்டே தங்குமிடத்தை வீடாக்கிக்கொண்டார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து ஏழைக் கலைஞர்கள் தங்களையும் போஹிமியர் என்று அழைத்துக்கொண்டார்கள். ஹென்றி முர்ஜேர் என்னும் எழுத்தாளர் 1851-இல் அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதை வைத்துப் புச்சினி அமைத்த இசை நாடகம் 1896-இல் அரங்கேறியது. வாடகை கொடுக்கவே வழியில்லாத அந்தக் கலைஞர்கள் பழைய கடையில் கிடைத்ததைக் கொண்டு அறையை அலங்கரித்தார்கள். ஆக, இது பணக்காரர் பாணியே அல்ல. இல்லாதவர்கள் இருப்பதைக் கொண்டு வாழ்ந்த முறைதான் பின்னாளில் நாகரிகம் என்று பெயர் பெற்றது.

தேக்கா முதல் அராப் ஸ்திரீட் வரை

சிங்கப்பூருக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் தேக்காவுக்குப் போகாமல் திரும்புவதில்லை. அடுத்த முறை போகும்போது கடைச் சாமான்களோடு வீடுகளையும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்.

கெர்பாவ் சாலையில் டான் டெங் நியா என்னும் சீன வணிகரின் வீடு இருக்கிறது. 1900-இல் கட்டப்பட்டது. அவர் மிட்டாய்த் தொழிற்சாலை நடத்தியவர். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று இன்று அவ்வீட்டில் காணும் வண்ணங்கள் பின்னாளில் பூசப்பட்டவை. 'இத்தனை நிறமும் ஒன்றாகச் சேருமா?' என்று கேட்பவர்களுக்கு அந்த வீடே பதில்.

கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் உள்ளது. செட்டிநாட்டு மரச்சிற்ப வேலை கொண்ட வாசல்நிலை ஒன்று அங்கே நிற்கிறது. நம்மவர்கள் ஒரு வாசலுக்கே எவ்வளவு கைவேலை செய்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

நீல் சாலையில் பாபா இல்லம் என்ற நீல நிற வீடு 2008 முதல் காட்சியகமாக இருக்கிறது. பெரானாக்கான் சீனர்களின் வாழ்க்கையை அங்கே காணலாம். சீனத்து மரச்சாமான், ஐரோப்பியப் பூ ஓடு, மலாய்ச் சுவையில் சமையல் எல்லாம் அவர்களிடம் ஒன்று சேர்ந்தன. விருந்துக்கு 'தோக் பாஞ்சாங்' என்று நீண்ட மேசை போடுவார்கள். மலாக்காச் செட்டி மக்களும் இப்படித்தான். தமிழ் வணிகர் வழி வந்தவர்கள். வீட்டில் பேச்சு மலாய், கும்பிடுவது நம் சாமி. கலந்து வாழ்ந்தவர்கள் வீட்டில் கலந்த அழகு இருக்கும்.

அராப் ஸ்திரீட் பக்கம் பாத்திக், சாரோங் துணிக் கடைகள் உண்டு. பழைய பொருள்களுக்குப் பேர்போன சுங்கை ரோடு சந்தை 2017-இல் மூடப்பட்டது. ஆனால் பழைய பொருளைத் தேடி எடுத்துச் சீர்செய்யும் பழக்கம் அங்கே மூடப்படவில்லை.

பழைய காப்பிக்கடைகளில் பளிங்குக்கல் மேசையைச் சுற்றி வளைந்த முதுகுள்ள மர நாற்காலிகள் இருக்கும். அந்த வகை நாற்காலிக்கு மூலவர் மைக்கேல் தோனெட். 1859-இல் அவர் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி ஆறே ஆறு மரத் துண்டுகளால் ஆனது. மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்தார்கள். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். அதனால்தான் கப்பலேறி உலகமெங்கும் போக முடிந்தது. தோனெட்டின் தொழிற்சாலை இருந்த மொராவியா, போஹிமியாவுக்கு அடுத்த மாநிலம்! ஆக, அந்தப் பக்கத்து நாற்காலி எப்போதோ நம் காப்பிக்கடைக்கு வந்துவிட்டது.

அந்த மேசை நம் மரம்

தோட்டத்து மக்கள் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் பாதியை, நம் பெரியவர்கள் 'பூமலை' என்று அழைத்த தாவரவியல் பூங்காவில் நட்டார்கள். 1888-இல் அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். அந்த வெட்டைத்தான் நம் பாட்டன் பாட்டிகள் விடியற்காலை இருட்டில் மரம் மரமாகப் போய்ச் சீவினார்கள்.

25, 30 ஆண்டுகளில் பால்மரம் ஓய்ந்துவிடும். வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் வெறும் விறகாகத்தான் போனது. அதில் மாச்சத்து அதிகம் என்பதால் பூச்சியும் பூஞ்சணமும் சீக்கிரம் பிடித்துவிடும். பின்னர், அறுத்த பலகையை உடனே போரான் மருந்தில் ஊறவைத்து, சூளையில் உலர்த்தும் முறை வந்தது. 1980-களில் ரப்பர் மரத் தளவாடம் பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜொகூரில் உள்ள மூவார் அதற்குப் பேர்பெற்ற ஊர்.

வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய சாப்பாட்டு மேசையைக் கடையில் பார்த்து நாம் வாய் பிளக்கிறோம். அதன் பலகை பல வேளைகளில் நம்மவர் பால் வெட்டிய மரமாகவே இருக்கும். அதற்காக நாம் கூச்சப்பட வேண்டியதும் இல்லை, கடன்பட வேண்டியதும் இல்லை.

நம் வீட்டில் செய்வது எப்படி?

முதலில் அளவுகள். இவை தவறினால் எவ்வளவு அழகு செய்தாலும் உட்காரச் சுகம் இராது.

மேசையின் உயரம் இரண்டரை அடி. நாற்காலியின் உட்காரும் பலகை ஒன்றரை அடி. ஓர் ஆள் முழங்கை இடிக்காமல் சாப்பிட இரண்டடி அகலம் வேண்டும். நாற்காலியை இழுத்து எழுந்திருக்கப் பின்னால் இரண்டரை அடியாவது விட வேண்டும். மூன்றடி விட்டமுள்ள வட்ட மேசையில் நான்கு பேர் உட்காரலாம். இடம் குறைவானால் ஒரு பக்கம் சுவரோரமாகப் பெஞ்சு போடுங்கள். பெஞ்சுக்குப் பின்னால் நடமாட்டம் இல்லை என்பதால் அவ்வளவு இடமும் மிச்சம்.

*மேசை:* பழைய மேசையோ, நல்ல பலகையோ இருந்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாம். மிகப் பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை உலர்ந்தபடி சுரண்டாமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். குழந்தைகளை அப்போது பக்கத்தில் விடக்கூடாது. ரப்பர் மரப் பலகைக்கு ஈரம் ஆகாது. குழம்பு சிந்தினால் உடனே துடையுங்கள். தரை கழுவும்போது கால்களில் நீர் ஊறாமலிருக்க அடியில் ரப்பர்ப் பூண் மாட்டுங்கள்.

*நாற்காலி:* நான்கும் நான்கு விதமாக இருக்கட்டும். ஆனால் உட்காரும் உயரம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். உயரம் குறைந்ததற்கு மெத்தை போடலாம். ஒரே துணியில் நான்கு மெத்தை தைத்துவிட்டால், வேறு வேறு நாற்காலிகளும் ஒரு குடும்பமாகிவிடும். பிரம்பு நாற்காலியை ஈரத்துணியால் துடைத்து, காற்றாட நிழலில் உலர்த்துங்கள். மூலையில் அடைத்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

*துணி:* சாரோங் ஒன்று ஏறக்குறைய இரண்டு கஜ நீளம் இருக்கும். நான்கு பேர் மேசைக்கு அதுவே விரிப்பு. நைந்துபோன பட்டுச் சேலையின் கரையை வெட்டி எடுத்து மேசை நடுவே நீளமாக ஓட விடலாம். அந்த ஒரு துணியில் உள்ள நிறங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து மற்றப் பொருள்களுக்கும் அவற்றையே பயன்படுத்துங்கள். எல்லாம் கலந்திருந்தாலும் கண்ணை உறுத்தாது.

*பாத்திரம்:* மங்குத் தட்டு, எவர்சில்வர் டம்ளர், பித்தளைச் செம்பு எல்லாம் வெளியே வரட்டும். சில்லு பெயர்ந்த மங்குப் பாத்திரத்தில் சாப்பிட வேண்டாம். அதில் செடி வைக்கலாம். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பும் ரசமும் வைக்கக்கூடாது. பூ வைக்கலாம்.

*விளக்கு:* மேசைக்கு மேலே இரண்டரை அடி உயரத்தில் ஒரு விளக்கு தொங்கினால் அந்த மூலையே தனி அறை போலாகிவிடும். பழைய மூங்கில் கூடையைக் கவிழ்த்தால் அதுவே மூடி. உள்ளே அதிகம் சூடாகாத எல்.இ.டி. பல்பு, மஞ்சள் ஒளி தருவதாகப் போடுங்கள். கம்பி இழுக்கும் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். குத்துவிளக்கைத் தொங்கும் துணிக்கு அருகில் வைக்க வேண்டாம்.

*செடி:* மணி பிளாண்ட், வெற்றிலைக் கொடி, கறிவேப்பிலை எதுவானாலும் சரி. சட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கிக் காய்ச்சல் நம் பகுதிகளுக்குப் புதியதல்ல. சிங்கப்பூரில் வீட்டில் கொசு உற்பத்தியானால் அபராதம் விதிக்கிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தட்டைக் கவிழ்த்துத் துடையுங்கள். நடைபாதையில் செடிச்சட்டிகளை அடுக்கி வழியை மறைக்கவும் கூடாது. அங்கே தீயணைப்பு விதிப்படி பொது நடைபாதையில் 1.2 மீட்டர் அகலம் காலியாக விட வேண்டும். அடுக்குமாடியில் குடியிருக்கும் யாருக்கும் அது நல்ல பாடம்.

மேசையே வேண்டாம் என்பவர்கள் தரையில் பாய் விரித்து, ஓரடி உயரப் பலகை போட்டு, சுற்றிலும் திண்டு வைக்கலாம். இன்று நகரத்தார் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசும் இந்த முறை நம் பரம்பரை வழக்கம்தான். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும்.

அம்மாவுக்கு ஓர் இடம்

இவ்வளவும் செய்தபின் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சாப்பிடும்போது யார் உட்காருகிறார்கள்?

ஈசூனில் என் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி மூவறை வீட்டில் இருக்கிறாள். அவள் மாமியார் ஜொகூர்த் தோட்டமொன்றில் நாற்பது வருடம் பால் வெட்டியவர். மகன் வீட்டுக்கு வந்த புதிதில், "நீங்கல்லாம் சாப்பிடுங்க. நான் அப்புறமா சாப்பிட்டுக்கிறேன்" என்று சமையலறையிலேயே நிற்பாராம். எத்தனை முறை கூப்பிட்டாலும் வரமாட்டார்.

தங்கை யோசித்தாள். சோறும் குழம்பும் அடுப்பங்கரையில் இருக்கும் வரை யாராவது ஒருவர் எழுந்து எழுந்து போய்க் கொண்டுவந்தே ஆக வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் அம்மாதான். ஆகவே மேசைக்குப் பக்கத்தில், உட்கார்ந்தபடியே கை எட்டும் தூரத்தில், பழைய புத்தக அலமாரி ஒன்றைப் பாதியாக வெட்டிப் போட்டாள். சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, தண்ணீர், தட்டு எல்லாம் அதன் மேல் வந்துவிட்டன.

"உக்காருங்க அத்தை. எல்லாம் இங்கேயே இருக்கு. யாருக்கு எது வேணுமோ அவங்களே எடுத்துப் போட்டுக்கட்டும்" என்றாள். முதல் சில நாள் அந்த அம்மா நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாராம். நான் போயிருந்தபோது நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, பேரனுக்குத் தோட்டத்துக் கதை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். அந்த வீட்டுப் பிரம்பு நாற்காலி, பாத்திக் விரிப்பு, கூடை விளக்கு எல்லாமே அழகுதான். ஆனாலும் நான் மெச்சியது அந்த வெட்டிய அலமாரியைத்தான்.

பள்ளியில் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகள் வகுப்பில் வாய் திறந்து பேசுகிறார்கள். அன்றைய செய்தி, அப்பாவின் வேலை, அக்காவின் கல்லூரி எல்லாவற்றையும் அவர்கள் அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் கேட்டுக்கொள்கிறார்கள். தட்டோடு மூலைக்குப் போகும் பிள்ளைக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. வேலை நேரம் மாறி மாறி வரும் குடும்பங்களில் தினமும் சேர்ந்து உட்கார முடியாதுதான். வாரத்தில் இரண்டு வேளையாவது முயலலாம் அல்லவா?

ஆகவே தாய்மார்களே, தந்தையரே, 'விரலுக்குத் தக்க வீக்கம்' என்பதை மறக்க வேண்டாம். கடைக்குப் போவதற்கு முன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பரணில் என்ன இருக்கிறது, கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது, பெட்டியில் எந்தச் சேலை மடித்தபடியே கிடக்கிறது என்று எழுதுங்கள். பிறகு வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அத்தனை இருக்கைகள் வேண்டும், ஒன்றுகூடக் குறையக்கூடாது. எண்ணும்போது அம்மாவையும் பாட்டியையும் முதலில் எண்ணுங்கள்.